இரு நாட்காட்டிகளில் ஓடும் பள்ளி: இங்கிலாந்தின் கத்தோலிக்கத் தொடக்கக் கல்வி

இங்கிலாந்தில் அரசு நிதியில் இயங்கும் பள்ளிகளுள் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு கத்தோலிக்கப் பள்ளிகள். எண்ணிக்கையில் 2,000 அளவுக்கு வரும் இவற்றுள் பெரும்பாலானவை நான்கு முதல் பதினோரு வயது வரையிலான பிள்ளைகள் படிக்கும் தொடக்கப் பள்ளிகள். கான்வென்ட் பள்ளி என்றாலே கட்டணத்தையும் பெற்றோருக்கான நேர்காணலையும் நினைத்துக்கொள்ளும் நம்மவருக்கு இவற்றின் அமைப்பு வியப்பாக இருக்கும். இங்கே கட்டணம் இல்லை. சேர்க்கைக்காக நேர்காணல் நடத்துவதை அரசின் சேர்க்கை விதிகளே தடுக்கின்றன. ஆசிரியர் சம்பளம் பொதுப் பணத்திலிருந்து வருகிறது. தேசியத் தேர்வுகள் மற்ற அரசுப் பள்ளிகளுக்கு உள்ளபடியே இங்கும் உண்டு. வேறுபாடு வேறோரிடத்தில் இருக்கிறது. இந்தப் பள்ளிகளின் ஆண்டு, கல்வித்துறை வகுத்த நாட்காட்டியையும் திருச்சபையின் வழிபாட்டு நாட்காட்டியையும் ஒருசேரப் பின்பற்றி நகர்கிறது. இவ்விரண்டும் எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே விலகுகின்றன என்று பார்த்தால்தான் அங்கே ஒரு பிள்ளை உண்மையில் எதைக் கற்கிறது, எது அதற்குக் கிடைக்காமல் போகிறது என்பது புலப்படும்.

அரசு பணம் தர, மதபோதனையைத் திருச்சபை தன் கையில் வைத்துக்கொள்ளும் இந்த ஏற்பாடு எளிதில் வந்ததன்று. 1829ஆம் ஆண்டுச் சட்டம் கத்தோலிக்கருக்குக் குடியுரிமைகளைத் திருப்பித் தந்தபோது அவர்கள் இங்கிலாந்தில் சிறு சிறுபான்மையினர். 1840களின் பஞ்சத்தில் அயர்லாந்திலிருந்து கப்பலேறி வந்த ஏழைக் குடும்பங்கள் லிவர்பூல், மான்செஸ்டர், லண்டன் ஆகிய நகரங்களின் நெரிசலான தெருக்களில் குடியேறியபோதுதான் கத்தோலிக்கப் பிள்ளைகளின் எண்ணிக்கை பெருகியது. 1847இல் கத்தோலிக்க ஏழைகள் பள்ளிக் குழு அமைக்கப்பட்டு, அதன் வழியாக அரசு மானியம் இப்பள்ளிகளுக்கும் கிடைக்கத் தொடங்கியது. 1850இல் இங்கிலாந்தில், ஆயர் (பிஷப்) ஒருவரின் பொறுப்பில் இயங்கும் மறைமாவட்டங்கள் மீண்டும் நிறுவப்பட்டன. இரண்டே ஆண்டுகளில் கூடிய வெஸ்ட்மின்ஸ்டர் ஆயர் மன்றம், புதிய பங்கு (ஒரு கோவிலைச் சேர்ந்த மக்கள் சமூகம்) தொடங்கும் இடங்களில் பள்ளியில்லாத கோவிலைவிட, தற்காலிகக் கோவிலாகவும் பயன்படும் பள்ளிக் கட்டடத்தையே முதலில் எழுப்புவது நல்லது என்று அறிவித்தது. பின்னாளில் கர்தினாலான பேராயர் மானிங், ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளிகள் அமையும்வரை லண்டனில் பேராலயம் கட்டுவதில்லை என்ற நிலையில் உறுதியாக நின்றார். வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தின் அடிக்கல் அவர் இறந்த பிறகு 1895இல்தான் நாட்டப்பட்டது. இன்று அந்தப் பேராலயத்தைச் சுற்றிப்பார்க்கும் பயணிகள் பலருக்கு அதன் தாமதத்துக்குப் பின்னால் இப்படி ஒரு முடிவு இருந்தது தெரியாது. தெரிந்துகொள்ளத் தக்க முடிவு அது.

இன்றைய அமைப்பின் அடித்தளம் 1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம். அச்சட்டம் திருச்சபைப் பள்ளிகளுக்கு இரு வழிகளை முன்வைத்தது. முழுச் செலவையும் அரசிடம் விட்டுவிட்டு ஆசிரியர் நியமனம், சேர்க்கை, சமயப் பாடம் ஆகியவற்றின் மீதான அதிகாரத்தில் பெரும்பகுதியை இழக்கலாம். அல்லது கட்டடச் செலவில் பாதியைத் தாங்களே ஏற்று அந்த அதிகாரத்தை வைத்துக்கொள்ளலாம். கத்தோலிக்க ஆயர்கள் இரண்டாவதைத் தேர்ந்தார்கள். அந்தப் பாதி, பல பத்தாண்டுகளில் படிப்படியாகக் குறைந்து இன்று பத்து விழுக்காடாக நிற்கிறது. இந்த உதவிபெறும் பள்ளிகளில் ஆயர் நியமிக்கும் உறுப்பினர்களே ஆளுகைக் குழுவில் பெரும்பான்மை. தலைமை ஆசிரியரும் துணைத் தலைமை ஆசிரியரும் வாழ்வில் கடைப்பிடிக்கும் கத்தோலிக்கராக இருக்க வேண்டும் என்பது ஆயர்களின் விதி. பள்ளி நிலம் பெரும்பாலும் மறைமாவட்ட அறக்கட்டளைக்குச் சொந்தம். அண்மை ஆண்டுகளில் பல மறைமாவட்டங்கள் தம் பள்ளிகளை, உள்ளூராட்சி வழியாக அன்றி நடுவண் அரசிடமிருந்து நேரடியாக நிதிபெறும் அகாடமி அறக்கட்டளைகளாக ஒருங்கிணைத்துள்ளன. நிதி வரும் வழி அதனால் மாறினாலும் ஆயரின் அதிகாரம் மாறவில்லை.

இனிப் பள்ளியாண்டுக்கு வருவோம். செப்டம்பர் தொடக்கத்திலிருந்து ஜூலை பிற்பகுதி வரை 190 பள்ளி நாட்கள். இலையுதிர்காலம், வசந்தகாலம், கோடை என மூன்று பருவங்கள். ஒவ்வொரு பருவத்தையும் நடுவில் ஒரு வார அரைப்பருவ விடுமுறை பிரிப்பதால் மொத்தம் ஆறு அரைப்பருவங்கள். இது எல்லாப் பள்ளிகளுக்கும் பொதுவான சட்டகம். இங்கிலாந்து, வேல்ஸ் ஆயர்கள் 2023இல் வெளியிட்ட புதிய சமயக் கல்வி நெறிநூல் இந்தச் சட்டகத்தையே எடுத்துக்கொண்டு, பாடத்தை ஆறு கிளைகளாகப் பிரித்து, ஒவ்வோர் அரைப்பருவத்துக்கும் ஒன்றை வைத்திருக்கிறது. செப்டம்பரில் படைப்பும் உடன்படிக்கையும்; அக்டோபர் விடுமுறைக்குப் பின் இறைவாக்கும் வாக்குறுதியும்; ஜனவரியில் கலிலேயாவிலிருந்து எருசலேம் வரை; ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான தவக்காலத்தில் பாலைவனத்திலிருந்து தோட்டம் வரை; ஈஸ்டரில் தொடங்கும் உயிர்ப்புக் காலத்தில் உலகின் கடையெல்லைவரை; இறுதி அரைப்பருவத்தில் பிற கிறிஸ்தவ மரபுகளுடனும் பிற சமயங்களுடனும் உரையாடலும் சந்திப்பும். நான்கு வயதுப் பிள்ளை ரிசப்ஷன் வகுப்பில் இந்த ஆறு கிளைகளையும் ஒருமுறை கடக்கிறது. அடுத்த ஆண்டு அதே கிளைகளுக்குச் சற்று ஆழமாகத் திரும்பி வருகிறது. ஆறாம் ஆண்டை முடிப்பதற்குள் ஏழு முறை. நோவாவின் பேழையை மிருகங்களின் கதையாக முதலில் கேட்ட பிள்ளை, சில ஆண்டுகள் கழித்து உடன்படிக்கை என்னும் கருத்தோடு அதை மீண்டும் சந்திக்க இந்தச் சுழற்சி வழிசெய்கிறது. கற்பித்தல் முறையாக இதில் நல்ல பொருள் இருக்கிறது என்றே நான் நினைக்கிறேன்.

கற்பிக்கும் நேரத்தில் குறைந்தது பத்து விழுக்காடு சமயக் கல்விக்கு ஒதுக்கப்பட வேண்டும் என்று ஆயர்கள் விதித்துள்ளனர். பெரிய வகுப்புகளில் இது வாரத்துக்கு ஏறத்தாழ இரண்டரை மணி நேரம். செபமும் திருப்பலியும் (மாஸ்) இந்தக் கணக்கில் சேரா. ஆங்கிலத்துக்கும் கணிதத்துக்கும் நிகரான முதன்மைப் பாடமாக இது நடத்தப்படுவதால், சமயப் பாட நோட்டில் எழுத்தின் தரம் ஆங்கிலப் பாட நோட்டில் இருப்பதற்குக் குறையக் கூடாது என்று ஆசிரியர்கள் எதிர்பார்க்கிறார்கள். நல்ல சமாரியன் உவமையைப் படித்துவிட்டுக் காயமுற்றவன் எழுதும் கடிதம் ஒன்றைப் பிள்ளை எழுதினால், அது மறைக்கல்வியாகவும் இருக்கிறது, கட்டுரைப் பயிற்சியாகவும் இருக்கிறது. மற்ற நேரம் முழுவதும் எந்த ஆங்கிலேயத் தொடக்கப் பள்ளியிலும் காணக்கூடியதே. முதலாம் ஆண்டின் ஜூன் மாதத்தில் ஒலிப்புமுறைத் தேர்வு நடக்கிறது. அதில் பிள்ளை நாற்பது சொற்களை வாய்விட்டு வாசிக்க வேண்டும், அவற்றில் இருபது பொருளற்ற பொய்ச்சொற்கள். நான்காம் ஆண்டில் பெருக்கல் வாய்ப்பாட்டுத் தேர்வு: இருபத்தைந்து கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் ஆறு விநாடி. ஆறாம் ஆண்டின் மே மாதத்தில் நான்கு நாட்கள் நடக்கும் சாட்ஸ் தேர்வுகள் ஆங்கிலத்தையும் கணிதத்தையும் அளக்கின்றன.

வழிபாட்டு ஆண்டு பிள்ளையின் கண்ணுக்கு முதலில் படுவது வகுப்பின் செப மேசையில். ஒவ்வொரு வகுப்பறையிலும் ஒரு மூலையில் சிலுவை, விவிலியம், மெழுகுவர்த்தி வைத்த மேசை ஒன்று உண்டு. அதன் மேல் விரிக்கும் துணியின் நிறம் காலத்துக்கேற்ப மாறுகிறது. பொதுக்காலத்தில் பச்சை, கிறிஸ்து பிறப்புக்கு முந்தைய திருவருகைக் காலத்திலும் தவக்காலத்திலும் ஊதா, கிறிஸ்து பிறப்பு, உயிர்ப்புக் காலங்களில் வெள்ளை, பெந்தக்கோஸ்து நாளில் சிவப்பு. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத ரிசப்ஷன் பிள்ளைக்கும் துணி ஊதாவானால் ஏதோ ஒன்றுக்காகக் காத்திருக்கிறோம் என்பது தெரிந்துவிடுகிறது. காலையில் செபம், மதிய உணவுக்கு முன் நன்றிச் செபம், வீடு திரும்பும் முன் ஒரு சிறு செபம் என்று நாள் நகர்கிறது. வாரத்தில் சில நாட்கள் முழுப் பள்ளியும் கூடி வழிபடும். மற்ற நாட்களில் வகுப்பளவில். ஒன்றுகூடல், இறைவார்த்தை, பதில், அனுப்பப்படுதல் என்ற நான்கு படிகளில் அமையும் இவ்வழிபாட்டைப் பிள்ளைகளே திட்டமிட்டு நடத்தப் பழக்குகிறார்கள். ஏழு வயதுப் பிள்ளை வாசகத்தைத் தேர்ந்து, பாடலை முடிவுசெய்து, தன் வகுப்பின் முன் நின்று நடத்துவது தன்னம்பிக்கைக்கும் பேச்சுக்கும் தரும் பயிற்சியைத் தனியாக வேறொரு பாடவேளை வைத்துத் தந்துவிட முடியாது.

அக்டோபரில் செபமாலை, மே மாதத்தில் மரியன்னை சுரூபத்துக்கு மலர்முடி சூட்டும் பவனி. அக்டோபர் தொடக்கத்தில் அறுவடை விழாவை ஒட்டியும் பின்னர் தவக்காலத்திலும், ஆயர்களின் பன்னாட்டு உதவி அமைப்பான காஃபோட் சார்பில் நோன்பு நாள் கடைப்பிடித்து நிதி திரட்டுகிறார்கள். 1833இல் பாரிசில் ஃபிரடெரிக் ஓசானாம் தொடங்கிய வின்சென்ட் தெ பவுல் சபையின் சிறுவர் கிளை பல பள்ளிகளில் இயங்குகிறது. மினி வின்னீஸ் என்று அழைக்கப்படும் அந்தப் பிள்ளைகள் உணவு வங்கிக்குப் பொருள் சேர்ப்பார்கள், முதியோருக்கு வாழ்த்து அட்டை எழுதுவார்கள். நவம்பர் மாதம் தனிக் கவனத்துக்குரியது. இறந்தோரை நினைவுகூரும் மாதமாகத் திருச்சபை அதை வைத்திருக்கிறது. வகுப்புதோறும் ஒரு நினைவு ஏட்டில் பிள்ளைகள் தங்கள் தாத்தா, பாட்டியின் பெயர்களை எழுதுகிறார்கள். அதே மாதம் 11ஆம் நாள், போரில் இறந்தோருக்காக நாடே பாப்பி மலர் அணிந்து இரண்டு நிமிடம் மௌனம் காக்கிறது. இரு நாட்காட்டிகளும் இவ்வளவு இயல்பாக ஒன்றுசேரும் இடம் ஆண்டில் வேறில்லை. இறப்பைப் பற்றிப் பிள்ளைகளிடம் பேசத் தயங்கும் சமூகத்தில், ஆண்டுதோறும் ஒரு மாதம் அதற்கென்று இருப்பதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

ஒத்துப்போகாத இடங்கள்தாம் அதிகம் சொல்கின்றன. டிசம்பர் மூன்றாம் வாரத்தில் பள்ளி மூடப்படுகிறது. எனவே சிறுவர் நடிக்கும் குடில் நாடகம், கேரல் பாடல்கள், விருந்து எல்லாமே திருவருகைக் காலத்துக்குள் நடந்து முடிந்துவிடுகின்றன. டிசம்பர் 25இல் தொடங்கும் உண்மையான கிறிஸ்து பிறப்புக் காலம் ஏறத்தாழ முழுவதும் விடுமுறையில் கழிகிறது. பெரிய வியாழன் முதல் உயிர்ப்பு ஞாயிறு வரையிலான மூன்று நாட்களும் அப்படியே. பள்ளியில் சிலுவைப்பாதை நடக்கும், ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் பாடுகளின் நாடகம் நடிப்பார்கள்; ஆனால் உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்தைய இரவில் நடக்கும் திருவிழிப்பின் தீயும் புது நீரும் பள்ளிக்குள் வருவதில்லை. 2024இலும் 2026இலும் தவக்காலத்தைத் தொடங்கிவைக்கும் திருநீற்றுப் புதனே நாட்டின் பெரும்பாலான பகுதிகளில் பிப்ரவரி அரைப்பருவ விடுமுறைக்குள் விழுந்தது. நெற்றியில் சாம்பல் பூசும் சடங்கைப் பள்ளி திறந்த பிறகுதான் நடத்த முடிந்தது. ஆகப் பள்ளி நாட்காட்டியில் தயாரிப்புக் காலங்கள் நிறைவாக இடம்பெறுகின்றன. பெருவிழாக்களோ விடுமுறையில் நழுவுகின்றன. ஞாயிறு திருப்பலிக்குச் செல்லும் குடும்பத்தின் பிள்ளைக்கு இந்த இடைவெளியைப் பங்கு நிரப்பிவிடும். செல்லாத குடும்பத்தின் பிள்ளை, ஏழு ஆண்டுகள் தவக்காலத்தைக் கடைப்பிடித்தும் ஒருமுறைகூட உயிர்ப்பு விழாவைத் திருச்சபையோடு கொண்டாடாமல் தொடக்கப் பள்ளியை முடிக்கக்கூடும். பலருக்கு அவர்கள் அறிந்த ஒரே திருச்சபை பள்ளிதான் என்ற நிலையில், இது சிறிய குறையன்று.

பிள்ளை முதன்முதலாக நற்கருணை பெறும் சடங்கான புதுநன்மையில் இந்தச் சிக்கல் இன்னும் தெளிவாகத் தெரியும். திருத்தந்தை பத்தாம் பயஸ் 1910இல் வெளியிட்ட ஆணை, புதுநன்மை பெறும் வயதை ஏறத்தாழ ஏழு என்று கீழிறக்கியது. அதற்கு முன் பல நாடுகளில் பத்து, பன்னிரண்டு வயதுவரை பிள்ளைகள் காத்திருந்தார்கள். அந்த மாற்றத்தால்தான் புதுநன்மை தொடக்கப் பள்ளியின் மையத்துக்கு வந்து சேர்ந்தது. இங்கிலாந்தில் வழக்கமாக மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகள், முதலில் பாவங்களை அறிக்கையிட்டு மன்னிப்புப் பெறும் ஒப்புரவு அருளடையாளமும் பின்னர் கோடைப் பருவத்தில் புதுநன்மையும் பெறுகிறார்கள். தயாரிப்பு வகுப்புகளை இன்று பெரும்பாலும் பங்குதான் நடத்துகிறது. பெற்றோரும் அவற்றில் கலந்துகொள்ள வேண்டும். பள்ளி அதற்கு இணையாகப் பாடம் நடத்துகிறது, விழா முடிந்ததும் சிற்றுண்டி விருந்து வைக்கிறது, பிள்ளைகள் வெள்ளை உடையில் மறுபடி ஒரு பள்ளித் திருப்பலிக்கு வருகிறார்கள். திருமுழுக்கு (ஞானஸ்நானம்) பெறாத வகுப்புத் தோழர்கள் அப்போது ஓரமாக நின்றுவிடக் கூடாது என்பதில் நல்ல ஆசிரியர்கள் மிகுந்த கவனம் காட்டுகிறார்கள்; வாசகம் வாசிப்பது, பாடகர் குழுவில் பாடுவது போன்ற பொறுப்புகள் அவர்களுக்குத் தரப்படுகின்றன.

அத்தகைய தோழர்கள் எண்ணிக்கையில் குறைந்தவர்களல்லர். இங்கிலாந்தின் கத்தோலிக்கப் பள்ளிகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட பிள்ளைகள் கத்தோலிக்கர் அல்லாதவர்கள். காரணம் சேர்க்கைச் சட்டத்தில் இருக்கிறது. இடங்களைவிட விண்ணப்பங்கள் மிகும்போதுதான் பள்ளி சமய அடிப்படையில் முன்னுரிமை தரலாம். இடம் காலியாக இருந்தால் எந்தச் சமயப் பிள்ளையையும் மறுக்க முடியாது. முன்னுரிமை தரும்போதும், கத்தோலிக்கர், கத்தோலிக்கர் அல்லாதவர் என்ற ஒவ்வொரு பிரிவிலும் அரசுப் பராமரிப்பில் வளரும் பிள்ளைகளை முன்னே வைக்க வேண்டும். ரிசப்ஷன் வகுப்புக்கு விண்ணப்பிக்கும் இறுதி நாள் ஜனவரி 15. முடிவு வரும் நாள் ஏப்ரல் 16. உள்ளூராட்சியின் பொது விண்ணப்பத்தோடு பள்ளியின் துணைப் படிவத்தையும் திருமுழுக்குச் சான்றிதழையும் தனியே தர வேண்டும். சில மறைமாவட்டங்களில் குடும்பம் தவறாமல் திருப்பலிக்கு வருகிறது என்று பங்குத்தந்தை கையெழுத்திடும் சான்றிதழும் தேவை. புதிதாக நாட்டுக்கு வந்த பெற்றோர் பலர் தடுமாறுவது இந்தத் துணைப் படிவத்தில்தான்: பொது விண்ணப்பத்தை மட்டும் அனுப்பிவிட்டு, திருமுழுக்குப் பெற்ற பிள்ளையாக இருந்தும் வரிசையின் கடைசிப் பிரிவுக்குத் தள்ளப்பட்டுவிடுகிறார்கள்.

கோவிலுக்குச் செல்வதை அளந்து இடம் தருவது பற்றிய வாதம் பழையது. பொதுப் பணத்தில் நடக்கும் பள்ளி, அதே தெருவில் வாழும் பிள்ளையைச் சமயத்தின் பேரில் பின்னுக்குத் தள்ளலாமா என்ற கேள்வி நியாயமானது. கட்டடத்தையும் நிலத்தையும் தலைமுறை தலைமுறையாகப் பங்கு மக்களின் காணிக்கை தாங்கியது என்ற பதிலும் நியாயமானது. என்னை அதிகம் வருத்துவது மூன்றாவதான ஒன்று: பங்குத்தந்தையின் கையெழுத்து தேவைப்படும் ஆண்டில் பங்குக்கு வந்து, இடம் கிடைத்ததும் வராமற்போகும் குடும்பங்களை இந்த முறையே உருவாக்கிவிடுகிறது. அதனால் இரவுப் பணியும் ஞாயிறு வேலையும் பார்க்கும் ஏழைக் கத்தோலிக்கக் குடும்பங்கள் பாதிக்கப்படுகின்றன. அவர்களுக்காகத்தான் இப்பள்ளிகள் முதலில் தொடங்கப்பட்டன. திருமுழுக்கு ஒன்றையே அளவுகோலாகக் கொள்ளும் மறைமாவட்டங்களின் வழி இதைவிட நேர்மையானது.

உள்ளே வந்த பிற சமயப் பிள்ளைகளுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. சமயப் பாடத்திலிருந்தும் வழிபாட்டிலிருந்தும் தம் பிள்ளையை விலக்கிக்கொள்ளப் பெற்றோருக்கு உரிமை இருக்கிறது. நடைமுறையில் அதைப் பயன்படுத்துவோர் மிகக் குறைவு. பிற சமயங்களைக் கற்பிப்பதும் நெறிநூலின் பகுதியே என்பதால், யூதம், இஸ்லாம், இந்து சமயம் ஆகியவற்றின் விழாக்களும் வகுப்பில் பேசப்படுகின்றன. வகுப்பில் இந்துப் பிள்ளை இருந்தால் தீபாவளியை விளக்கும் வேலையை ஆசிரியர் அவனிடமே விடுவதுண்டு. இவ்விடத்தில் நம் மக்களோடு ஒரு நேரடித் தொடர்பு இருக்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்தும் மன்னாரிலிருந்தும் போரினால் இடம்பெயர்ந்து லண்டனிலும் சுற்றுப்புறங்களிலும் குடியேறிய தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்களின் பிள்ளைகள் இப்பள்ளிகளில் படிக்கிறார்கள். மடுமாதாவை வணங்கி வளர்ந்த பெற்றோருக்குப் பள்ளியின் மே மாத வணக்கமோ செபமாலையோ அந்நியமாகத் தெரிவதில்லை. மொழி மட்டுமே புதிது. ஆண்டுதோறும் ஜூலையில் நார்ஃபோக்கிலுள்ள வால்சிங்கம் மாதா திருத்தலத்துக்குத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் திரளும் யாத்திரையில் இந்துக் குடும்பங்களும் கலந்துகொள்வது வழக்கம். பள்ளியில் ஆங்கிலத்தில் கற்ற மங்கள வார்த்தைச் செபத்தைப் பிள்ளைகள் தமிழில் கேட்பது அங்கேதான். தனி வழிபாட்டு முறை கொண்ட கேரளத்துக் கத்தோலிக்கரான சீரோ மலபார் குடும்பங்களுக்கோ 2016 முதல் பிரஸ்டனைத் தலைமையிடமாகக் கொண்ட தனி மறைமாவட்டமே உண்டு; அவர்களின் பிள்ளைகள் வார நாட்களில் இலத்தீன் வழிபாட்டு முறைப்படி நடக்கும் பள்ளித் திருப்பலிக்கும் ஞாயிறுகளில் மலையாளத் திருப்பலிக்கும் செல்கிறார்கள். ஐரிஷ் அகதிகளின் பிள்ளைகளுக்காகக் கட்டப்பட்ட வகுப்பறைகள், வந்துசேரும் புதிய மக்களின் பிள்ளைகளை இன்றும் வரவேற்கின்றன.

இப்பள்ளிகள் இரண்டு வகையான ஆய்வுக்கு உட்பட்டவை. ஆஃப்ஸ்டெட் என்னும் அரசு ஆய்வுத்துறை கற்பித்தலையும் ஒழுங்கையும் பிள்ளைகளின் பாதுகாப்பையும் பார்க்கிறது. சமயப் பாடத்தின் உள்ளடக்கத்தையும் வழிபாட்டையும் அது தொடுவதில்லை. 2005ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் 48ஆம் பிரிவின்படி அவற்றை மறைமாவட்டத்தின் சார்பில் தனியே ஆராய்கிறார்கள். 2022 முதல் இதற்கென நாடு முழுவதற்கும் பொதுவான கத்தோலிக்கப் பள்ளிகள் ஆய்வகம் இயங்குகிறது. பள்ளியின் கத்தோலிக்க வாழ்வும் பணியும், சமயக் கல்வி, கூட்டு வழிபாடு என்ற மூன்று தலைப்புகளில் நான்கு தரநிலைகளுள் ஒன்றை அது வழங்குகிறது. பிள்ளைக்கு இடம் தேடும் பெற்றோர் ஆஃப்ஸ்டெட் அறிக்கையோடு இந்த இரண்டாவது அறிக்கையையும் படிக்க வேண்டும். பள்ளியின் அன்றாட வாழ்வு எப்படியிருக்கிறது என்பதை முந்தையதைவிட இதுவே நெருக்கமாகக் காட்டும். பெரும்பாலான பள்ளிகளின் இணையதளத்திலேயே அது கிடைக்கிறது.

இன்று இப்பள்ளிகளை வாட்டும் கவலை மாணவர் எண்ணிக்கை. பிறப்பு விகிதம் குறைந்ததாலும் வீட்டு வாடகை குடும்பங்களை நகரத்துக்கு வெளியே தள்ளியதாலும் லண்டனின் உட்பகுதிகளில் எல்லா வகைத் தொடக்கப் பள்ளிகளிலும் இடங்கள் காலியாகின்றன. பள்ளிக்கு வரும் நிதி தலைக்கணக்கில் அமைவதால், முப்பது பேர் இருக்க வேண்டிய வகுப்பில் பதினெட்டுப் பேர் இருந்தாலும் ஆசிரியர் சம்பளம் குறையாது, வருமானம் மட்டும் குறையும். முதலில் உதவி ஆசிரியர்கள் போகிறார்கள். அடுத்து இரண்டு ஆண்டு வகுப்புகள் ஒன்றாக்கப்படுகின்றன. பிறகு அருகிலுள்ள பங்கின் பள்ளியோடு இணைக்கும் பேச்சு வருகிறது. கத்தோலிக்கப் பள்ளியின் விஷயத்தில் அந்த முடிவை உள்ளூராட்சி மட்டும் எடுத்துவிட முடியாது. ஆளுகைக் குழுவும் மறைமாவட்டமும் அதில் பங்கேற்கின்றன, மூடியபின் நிலத்தை என்ன செய்வது என்பது அறக்கட்டளையின் கையில் இருக்கிறது. 1852இல் ஆயர்கள் பள்ளிக்கு முதலிடம் தந்த அதே நகரங்களில், ஞாயிறு திருப்பலிக்குக் கோவில் நிறைந்தும் பள்ளியில் பிள்ளைகள் குறைந்தும் இருக்கும் பங்குகளை எப்படி நடத்துவது என்பதை இப்போது மறைமாவட்டங்கள் பள்ளி பள்ளியாகத் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.